லைற்ஹவுஸில் எத்தனை அசை? ஆங்கிலக் கூட்டுச்சொற்களைப் பிரித்து உச்சரிக்க முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வரும்போது ஒரு விசயம் தவறாமல் கண்ணில் படும். தனிச்சொற்கள் நன்றாகவே வரும். 'லைஃப்' சரி, 'ஜக்கெற்' சரி. இரண்டையும் சேர்த்து 'லைஃப்ஜக்கெற்' என்று சொல்லச் சொன்னால் நடுவிலும் கடைசியிலும் ஆளுக்கொரு உகரம் முளைத்து 'லைபுஜக்கெட்டு' ஆகிவிடும். புறாத்தீவுக்குப் போகப் படகில் ஏறி நிற்கும் வெளிநாட்டுக்காரர் "என்ன?" என்று திருப்பிக் கேட்பார். பிள்ளைக்கு வெட்கம் வந்துவிடும். அடுத்த வசனம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

இதற்குக் காரணம் அறிவுக் குறைவல்ல. நம் வாய் தமிழ் இலக்கணத்தை நன்றாகப் படித்த வாய்; அதுதான் சிக்கல். தமிழ்ச் சொல் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடியாது. அப்படி முடியும் சொல்லைக் கண்டால் வாய் தானாகவே ஓர் உகரத்தை ஒட்டவைக்கும். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்கவும் தொடங்காது. அதனால்தான் 'ஸ்கூல்' நம் பாட்டிமாரின் வாயில் 'இஸ்கூல்' ஆனது. இந்த இரண்டு பழக்கமும் ஆங்கிலக் கூட்டுச்சொல்லின் நடுவில் ஒரே இடத்தில் வந்து மோதுகின்றன.

ஆனால் அதே இலக்கணத்தில் நமக்கு ஒரு திறப்பும் இருக்கிறது. விகாரப் புணர்ச்சி மூன்று வகை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வாழை + பழம் = வாழைப்பழம்; இங்கே ஒரு ப் தோன்றியது. பொன் + குடம் = பொற்குடம்; ன் திரிந்தது. மரம் + வேர் = மரவேர்; ம் கெட்டது. ஆங்கிலத்திலும் இரண்டு சொல் சேரும் இடத்தில் ஓசை கெடும், ஓசை திரியும். ஆனால் பெரும்பாலும் தோன்றாது. நாம் விடும் பிழைகளில் பெரும்பாலானவை தோன்றல் வகை. ஆங்கிலம் ஓசையைக் கழிக்கிற இடத்தில் நாம் கூட்டுகிறோம். கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு விசயம்தான்.

குறியீடு பற்றி ஒரு சொல். சொற்கள் பொருந்தும் இடத்தை | என்ற கோட்டால் காட்டுகிறேன்; அதைப் பொருத்து என்று சொல்வோம். அசைகளுக்கு இடையில் சிறு கோடு. அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்ற குறி. அகராதிகளும் இதைத்தான் போடுகின்றன. ஈற்றில் நிற்கும் ரீ எழுத்தின் ஓசைக்கு, நம் ஊர் வழக்கப்படி, ற் எழுதுகிறேன். டீ எழுத்தின் ஓசைக்கு ட். அந்த ற் என்பதை 'காற்று' என்பதில் வருவது போலச் சொல்லாமல், நாக்கு நுனியை மேற்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் ஒட்டி நிறுத்தினால் போதும்.

முதல் படி: எழுத்தைப் பார்க்க முன் பொருத்தைப் பாருங்கள்

கொட்டியாரக் குடாவின் வாயில், பவுல் பொயின்ற்றில், ஒரு பழைய வெளிச்சவீடு நிற்கிறது. ஆங்கிலத்தில் லைற்ஹவுஸ். எழுத்துக் கூட்டினால் எல், ஐ, ஜி, எச், ரீ, எச், ஓ, யூ, எஸ், ஈ: மொத்தம் 10 எழுத்து. இதை இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டு போகும் பிள்ளை நடுவில் ரீயும் எச்சும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்து, 'திங்' என்ற சொல்லில் வரும் தகர ஓசையைப் போட்டுவிடும். 'லைதவுஸ்' என்று வரும். அந்த ரீ முதற் சொல்லுக்குச் சொந்தம், எச் இரண்டாம் சொல்லுக்குச் சொந்தம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்களே தவிர ஒரே வீட்டுக்காரர் இல்லை.

ஆங்கிலத்தில் எச் எழுத்துக்கு முன்னால் பி, ரீ, எஸ், ஜி நின்றால் பெரும்பாலும் சேர்ந்து புதிய ஓசை ஒன்றைக் கொடுக்கும், அல்லது 'லைற்' என்பதில் உள்ள ஜி, எச் போல மௌனமாகிவிடும். நடுவில் பொருத்து விழுந்தால் அந்தச் சேர்க்கை உடைந்துபோகும். லூப்|ஹோல் என்பதில் ஃப ஓசை இல்லை. போற்|ஹவுஸ் என்பதில் தகரம் இல்லை. கப்பல்கள் மூடுபனியில் ஊதும் ஃபொக்|ஹோர்ன் என்பதில் ஜியும் வரும், எச்சும் வரும். வெட்டுக்கிளியைக் குறிக்கும் க்ராஸ்|ஹொ-ப என்பதை 'க்ராஷொப்பர்' என்று சொல்பவர்கள் ஏராளம். ஆட்டிடையனைக் குறிக்கும் ஷெ-பட் என்ற சொல்லும் இந்த இனம்தான்: ஆடும் மேய்ப்பவரும் சேர்ந்த சொல். அதில் பி, எச் சேர்ந்து நிற்பதைப் பார்த்து 'ஷெஃபர்ட்' என்று வாசிக்கக் கூடாது. நாட்பட்டதில் எச் கெட்டு, பி மட்டும் மிஞ்சிவிட்டது.

பொருத்துக்கு முன்னால் நிற்கும் ஈ எழுத்தும் இப்படி ஆளை ஏமாற்றும். லைஃப்|போற், டைம்|டே-பிள், ஃபயர்|ப்ளேஸ், ஹோம்|வேர்க், சம்|திங். இவை எல்லாவற்றிலும் முதற் சொல் ஈ எழுத்தில் முடிகிறது. தனியே நிற்கும்போது அந்த ஈ ஊமை. கூட்டில் சேர்ந்தாலும் ஊமைதான். நீளமான சொல்லின் நடுவில் நிற்பதால் அதற்கு வாய் முளைத்துவிடாது. 'சமெதிங்' என்று யாராவது வாசித்தால் அவர் பொருத்தைத் தேடவில்லை என்று அர்த்தம்.

மறுபுறம், இல்லாத பொருத்தைக் கண்டுபிடிப்பதும் உண்டு. ஐலண்ட் என்ற சொல்லை 'இஸ்' + 'லாண்ட்' என்று பிரிப்பவர்கள் அங்கே ஓர் எஸ் ஓசையை நுழைக்கிறார்கள். அந்த எஸ் ஆங்கிலேயர் வாயில் ஒருநாளும் ஒலித்ததில்லை. 'ஐல்' என்ற வேறொரு சொல்லைப் பார்த்து எழுத்தில் பின்னாளில் செருகப்பட்டது. தந்தையைக் குறிக்கும் ஃபா-த என்ற சொல்லிலும் 'ஃபற்', 'ஹேர்' என்ற இரண்டு சொல் இருப்பது போலக் கண்ணுக்குத் தெரியும். பிரித்தால் இரண்டு பகுதியும் முழுச் சொல்லின் பொருளோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாவிட்டால் அங்கே பொருத்து இல்லை.

இரண்டாம் படி: உயிரெழுத்தை விடுங்கள், உயிரோசையை எண்ணுங்கள்

இங்கே யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நேரசை, நிரையசை என்று நாம் படித்த அசையும் ஆங்கில அசையும் ஒன்றல்ல. குறில் இரண்டு சேர்ந்தால் யாப்பில் ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் ஓர் உயிரோசைக்கு ஓர் அசை. 'திருகோணமலை' யாப்பில் திரு/கோ/ணம/லை என்று 4 அசை. உயிரோசையை எண்ணினால் 6. ஆங்கிலேயர் சொல்லும் ட்ரிங்-க-ம-ˈலீ என்ற பெயரில் 4 உயிரோசை, அழுத்தம் கடைசியில். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் அசை என்றால் ஓர் உயிரோசை, அதைச் சுற்றி ஒட்டிய மெய்கள், அவ்வளவுதான்.

லைற்ஹவுஸில் ஐ, ஓ, யூ, ஈ என்று 4 உயிரெழுத்து. ஓசை இரண்டே: 'லைற்' என்பதில் ஒன்று, 'ஹவுஸ்' என்பதில் ஒன்று. 'ஹவுஸ்' என்று தமிழில் எழுதும்போது மூன்று எழுத்து வந்துவிடுவதால் அதை ஹ-வு-ஸ் என்று நீட்டிச் சொல்லத் தோன்றும். அது 'ஔ' என்ற ஒரே உயிர், ஒரே மூச்சு. லைற்|ஹவுஸ்: 2 அசை. 'லைட்டு அவுசு' என்றால் 5 ஆகிவிடும். கேட்பவர் காதில் அது வேறு சொல்.

இன்னொரு சொல்லை எடுப்போம். துறைமுகத்தில் கப்பல்கள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனிக்கும் அதிகாரிக்கு ஹாபர்மாஸ்டர் என்று பெயர். சிலர் ஒரே சொல்லாகவும் சிலர் இரண்டாகவும் எழுதுவார்கள், உச்சரிப்பு ஒன்றுதான். எழுத்து 13, உயிரெழுத்து 5, உயிரோசை 4. முதலில் பொருத்தில் வெட்டுங்கள்: ஹாபர் | மாஸ்டர். பிறகு ஒவ்வொன்றையும் பிரியுங்கள்: ஹா-ப | மாஸ்-ட. நம் பாடசாலைகளில் பின்பற்றும் பிரித்தானிய உச்சரிப்பில் மூன்று ஆர் எழுத்தும் ஒலிக்காது. நடுவிலுள்ள ஓ, யூ இரண்டும் சேர்ந்து ஒரு சோர்ந்த அகரம்தான்.

எண்ணுவதற்கு எளிய வழி, புறங்கையை நாடிக்கு அடியில் வைத்துச் சொல்லிப் பார்ப்பது. உயிரோசை வரும்போதெல்லாம் தாடை கீழே இறங்கும். டே-பிள், மி-டில், ப-ட்ன் போன்ற சொற்களின் கடைசி அசையில் மட்டும் இது கைவிடும். அங்கே எல், என் என்ற மெய்களே உயிருக்குப் பதிலாக நின்று அசையைத் தாங்குகின்றன, தாடை அசையாது. அதனால் டைம்|டே-பிள் 3 அசை என்பதைக் காதால் பிடிக்க வேண்டும்.

மூன்றாம் படி: பொருத்து சொன்னதே தீர்ப்பு

ஒரு சொல்லுக்குள் இரண்டு உயிருக்கு நடுவில் மெய் நின்றால் அது முன்னசைக்கா பின்னசைக்கா என்று ஆங்கில அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. 'மாஸ்-ட' என்றும் 'மா-ஸ்ட' என்றும் பிரிக்கிறார்கள். அதைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. எப்படிப் பிரித்தாலும் வாயில் வருவது ஒன்றே. பொருத்தில் அப்படி இல்லை. அங்கே இடம் மாறினால் சொல்லே மாறும்.

சந்தையில் இறால், நண்டு, மட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ஷெல்|ஃபிஷ். தன்னலக்காரருக்கு செல்ஃப்|இஷ். முதல் மெய்யைத் தள்ளிவிட்டால் மீதி ஓசை இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் பொருத்து வேறு இடத்தில். ஷெல்|ஃபிஷ் என்பதில் ஃப ஓசை இரண்டாம் அசையைத் தொடங்கிவைக்கிறது. அதனால் நீண்டு, தெளிவாக வரும். செல்ஃப்|இஷ் என்பதில் அது முதலசையின் வாலில் சுருங்கிக் கிடக்கும். இதைவிடக் கூர்மையான சோடி ஒன்று: உப்பு வகை ஒன்றைக் குறிக்கும் நை-ட்ரேற், இரவு நேரக் கட்டணத்தைக் குறிக்கும் நைற்|ரேற். மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ட்ர இணைந்து கிட்டத்தட்ட 'ச்ர' போல வரும். இரண்டாவதில் ற் என்று நின்று, பிறகு ரே புதிதாகத் தொடங்கும். விடுதி வரவேற்பில் வேலை செய்பவர்கள் இந்தச் சோடியைத் தினமும் சொல்லிப் பழகுவது நல்லது.

நான்காம் படி: பொருத்தில் மெய்யும் மெய்யும் சந்தித்தால்

பாடத்தின் கடினமான பகுதி இதுதான். நமக்குச் சாதகமான பகுதியும் இதுதான்.

முதலில் சாதகம். முதற் சொல்லின் ஈற்று மெய்யும் இரண்டாம் சொல்லின் முதல் மெய்யும் ஒன்றாக இருந்தால் ஆங்கிலத்தில் இரட்டித்து வரும். புக்|கேஸ், லாம்ப்|போஸ்ற், ரூம்|மேற், மிட்|டே, பஸ்|ஸ்டொப். இந்த இரட்டிப்பு பல மொழிக்காரருக்குப் பெரிய பாடு. நமக்கோ பக்கம், கப்பல், அம்மா என்று பால்குடி வயதிலிருந்தே வரும் ஓசை. 'பக்கம்' என்பதில் க் பிடித்து நிறுத்தி விடுவது போலவே 'புக்கேஸ்' சொல்லுங்கள். அதுதான் சரியான உச்சரிப்பு. நடுவில் வாயைத் திறந்து 'புக்குகேஸ்' ஆக்காதீர்கள்.

இதே திறமை இன்னோர் இடத்தில் நம்மைக் கவிழ்க்கும். ஆங்கிலத்தில் ஒரு தனிச்சொல்லுக்குள் எழுத்து இரட்டித்து நின்றால் ஓசை இரட்டிக்காது. டினர், சமர், ஹபி, ரனர்: எழுத்தில் இரண்டு, ஒலியில் ஒன்று. நாம் எழுத்தைப் பார்த்து 'டின்னர்', 'சம்மர்', 'ஹப்பி' என்று தமிழ் இரட்டிப்பைக் கொடுக்கிறோம். சுருக்கமாக ஒரு கட்டளை வைத்துக்கொள்ளலாம்: எழுத்து இரட்டித்திருக்கிறதா என்று பார்க்காதே, பொருத்து இருக்கிறதா என்று பார். பேனாக்கத்தியைக் குறிக்கும் பென்|னைஃப் என்பதில் என் எழுத்துகள் இரண்டும் அடுத்தடுத்து இல்லை. நடுவில் ஊமைக் கே ஒன்று நிற்கிறது. ஆனாலும் ஓசை இரட்டிக்கும்.

அடுத்து, முதற் சொல்லின் ஈற்று வல்லினம் வேறொரு மெய்யைச் சந்திக்கும் இடம். ஃபுற்|பாத், டொக்|யாட், போஸ்ற்|காட், லைற்|ஹவுஸ். இங்கே முதல் வல்லினத்தை அடைத்து வைக்க வேண்டும், வெடிக்க விடக் கூடாது. 'ஃபுற்' என்று சொல்லி, நாக்கை மேட்டிலிருந்து எடுக்காமலே உதடுகளை மூடி 'பாத்' தொடங்குங்கள். நாக்கு எழுந்த சத்தம் கேட்டால் அங்கே உகரம் பிறந்துவிட்டது. 'வெட்கம்', 'நட்பு', 'கற்க' என்று தமிழிலும் வல்லினம் அடைபட்டு நிற்கும் சொற்கள் உண்டே. 'நட்பு' என்பதை யாரும் 'நடுபு' என்பதில்லை. அந்த ட் போல ஃபுற்பாத்தின் ற் வர வேண்டும்.

இனிக் கெடுதல். மூன்று மெய் நெருங்கினால் நடுவில் உள்ளது கெடும். பெரும்பாலும் அது ரீ அல்லது டீ. போஸ்ற் + மன் வேகப் பேச்சில் போஸ்|மன். வேய்ஸ்ற் + கோற் பெரும்பாலும் வேய்ஸ்|கோற். க்ராண்ட் + மதர், க்ரான்|ம-த. டீயைக் கட்டாயப்படுத்திச் சொன்னால் பிழை இல்லை, ஆனால் உகரம் சேரும் ஆபத்து அதிகம். கழித்துச் சொல்வதே நமக்குப் பாதுகாப்பு.

திரிதல் அதற்கு அடுத்த கட்டம். ஹாண்ட் + பாக்: முதலில் டீ கெட்டது, பிறகு எஞ்சிய ன், அடுத்து வரும் உதட்டோசைக்கு இசைந்து ம் ஆனது. ஹாம்|பாக். மணல்திட்டைக் குறிக்கும் சாண்ட்பாங்க் இப்படியே சாம்|பாங்க் ஆகும். கைக்குட்டையைக் குறிக்கும் சொல்லில் ககரம் தொடர்வதால் ன் என்பது ங் ஆனது: ஹாங்-க-சிஃப். மரம் + கள் மரங்கள் ஆவதை அறிந்தவருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

தோன்றாது என்று சொன்னேனே, அதற்கு விலக்குப் போலத் தெரியும் ஒன்று உண்டு. ஊமையாக நின்ற ஆர் எழுத்து, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் உயிர்த்தெழும். 'ஹாப' என்பதில் ஆர் இல்லை, 'ஹாபமாஸ்ட' என்பதிலும் இல்லை; 'ஹாபர் ஒஃபிஸ்' என்பதில் வரும். 'ஓவரோல்' என்பதிலும் அப்படி. ஆனால் அந்த ஆர் எழுத்தில் ஏற்கெனவே இருந்ததுதான், புதிதாக முளைத்ததல்ல.

ஐந்தாம் படி: அழுத்தம்

தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. வலியுறுத்த வேண்டுமானால் நாம் 'தான்' சேர்ப்போம், ஏகாரம் சேர்ப்போம். ஆங்கிலம் அதே வேலையைக் குரலால் செய்கிறது. அழுத்தம் விழும் அசை சற்று நீண்டும், உயர்ந்தும், பலத்தும் வரும். மூன்றையும் ஒன்றாகப் பழகுவது சிரமம். நீட்டுவதை மட்டும் முதலில் பழகுங்கள், மற்ற இரண்டும் பின்னால் வரும்.

பெயர்ச்சொல்லாக நிற்கும் கூட்டுச்சொல்லில் அழுத்தம் பெரும்பாலும் முதற் பகுதியில். ˈலைற்|ஹவுஸ், ˈடொக்|யாட், ˈபஸ்|ஸ்டாண்ட், ˈஸ்பீட்|போற், ˈகெஸ்ற்|ஹவுஸ், ˈபோஸ்ற்|ஒ-ஃபிஸ், ˈஃபிஷ்|மார்-கிற். எழுத்தில் சேர்த்து எழுதுகிறார்களா பிரித்து எழுதுகிறார்களா என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அடையும் பெயரும் சும்மா பக்கத்தில் நிற்பது வேறு. ˈக்ரீன்|ஹவுஸ் என்றால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். க்ரீன் ˈஹவுஸ் என்றால் பச்சை நிறம் பூசிய வீடு. எனக்குப் பிடித்த உதாரணம் ˈஇங்லிஷ் ரீச்சர். இப்படி அழுத்தினால் ஆங்கிலம் படிப்பிப்பவர். அவர் மூதூர்க்காரராகவும் இருக்கலாம். இங்லிஷ் ˈரீச்சர் என்றால் இங்கிலாந்திலிருந்து வந்தவர்; அவர் கணிதம் படிப்பிக்கலாம். பக்கத்துத் தெருவில் வகுப்பு நடத்துபவரை அழுத்தம் மாற்றிச் சொல்லி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

விதிவிலக்குகளில் மூன்று கூட்டம் நமக்குத் தினமும் தேவைப்படும்.

முதலாவது இடப்பெயர். ஸ்ரீற் என்று முடிந்தால் அழுத்தம் முதலில், மற்றவற்றில் கடைசியில். ˈமெயின் ஸ்ரீற், ஆனால் டொக்யாட் ˈரோட், இன்னர் ஹாபர் ˈரோட். டச் ˈபே, பாக் ˈபே, சைனா ˈபே, மார்பிள் ˈபீச், பிஜன் ˈஐலண்ட், ஃபோற் ˈஃப்ரெடரிக். வழி கேட்கும் பயணிக்கு 'ˈடச் பே' என்று முதலை அழுத்திச் சொன்னால் புரியாமல் போகாது, ஆனால் காதுக்கு இடறும்.

இரண்டாவது சாப்பாடு. முன்னால் நிற்பது சமைத்த பொருளின் பெயரானால் அழுத்தம் பின்னால்: சிக்கன் ˈகறி, ஃபிஷ் ˈகறி, அப்பிள் ˈபை. ஜூஸ், கேக் இரண்டும் கட்சி மாறியவை: ˈஒறஞ்ச் ஜூஸ், ˈஃப்ரூற் கேக். ஏன் என்று கேட்டால் ஒழுங்கான காரணம் கிடையாது, மனப்பாடம் செய்யுங்கள்.

மூன்றாவது வினையிலிருந்து பிறந்தவை. விடுதியில் ஆள் வந்து பதிவது வினை: செக் ˈஇன். அந்தப் பதிவுக்குப் பெயர்: ˈசெக்-இன். வண்டி பழுதாகி நிற்பது ப்ரேக் ˈடவுன். அந்தப் பழுது ˈப்ரேக்|டவுன். எழுத்தில் ஒன்று போலத் தெரிந்தாலும் குரல் வேறு. இவை தவிர டவுன்ˈஸ்டெயர்ஸ், ஆஃப்டˈநூன், மைˈசெல்ஃப், அவுற்ˈசைட் போன்றவையும் பின்னழுத்தக்காரர்கள். பொலிஸ்காரருக்குரிய சொல்லில் அழுத்தம் நடுவில்: ப-ˈலீஸ்|மன். முதற் பகுதியிலேயே அழுத்தம் இருக்கிறது, ஆனால் அந்தப் பகுதிக்குள் இரண்டாம் அசையில்.

ஆறாம் படி: சோர்ந்த உயிர்

அழுத்தம் ஓரிடத்தில் கூடினால் இன்னோரிடத்தில் உயிர் வாடும். இந்த வாடிய உயிர்தான் அகராதியில் தலைகீழாகத் திருப்பிய ஈ எழுத்தாக அச்சாகியிருக்கும். தமிழில் குற்றியலுகரம் மாத்திரை குறைந்து ஒலிப்பது போல, இது தன் நிறம் இழந்த அகரம்.

மீனவர் ˈஃபி-ஷ|மன். கடைசியில் 'மான்' இல்லை, 'மென்' இல்லை, உதட்டைச் சும்மா விட்டால் வரும் 'மன்'. பன்மையில் எழுத்து ஏயிலிருந்து ஈயாக மாறும், ஆனால் ஓசை மாறாது. ஒரு மீனவரா பத்து மீனவரா என்பதை வசனத்தின் மற்றச் சொற்களிலிருந்துதான் அறிய வேண்டும். போஸ்மனும் பலீஸ்மனும் அப்படியே. எல்லா இரண்டாம் பகுதியும் வாடும் என்று நினைத்துவிடக் கூடாது: ˈபிஸ்னஸ்|மான் என்பதில் பலர் முழு உயிரையே வைத்திருக்கிறார்கள். டொக்|யாட் என்பதில் 'யாட்' முழுதாக நிற்கும். திராட்சைத் தோட்டமாகிய ˈவின்-யட் என்பதில் அதே பகுதி வாடிவிட்டது, முதற் பகுதியான 'வைன்' கூடக் குறுகிவிட்டது. பழைய, அடிக்கடி புழங்கும் சொல் தேயும். புதிய சொல் முழுதாக இருக்கும். இது விதியல்ல, ஊகிக்க உதவும் குறிப்பு.

விடுதிப் பிள்ளைகளிடம் நான் முதலில் திருத்துவது காலைச் சாப்பாட்டை. 'பிரேக்' + 'ஃபாஸ்ற்' என்று பகுதி பகுதியாகப் படித்தவர்கள் 'பிரேக்பாஸ்ட்' என்பார்கள். நோன்பை முறிப்பது என்ற பொருளில் பிறந்த கூட்டுச்சொல்தான், ஆனால் இரண்டு உயிரும் மாறிவிட்டன: ˈப்ரெக்|ஃபஸ்ற். 'ப்ரெ' குறில், 'ஃபஸ்' சோர்ந்தது.

தேய்ந்து போன கூட்டுச்சொற்கள்

சில சொற்களில் கெடுதலும் திரிதலும் எல்லை மீறிப் போயிருக்கும். 'கப்' + 'போர்ட்' இன்று ˈக-பட். "ரீச்சர், அப்ப அந்தப் பி எங்க போச்சு?" என்று ஒரு பிள்ளை கேட்டால் "அது பக்கத்தில நிண்ட எழுத்துக்குள்ள கரைஞ்சு போச்சு, பிள்ளை" என்பதே பதில். மிஞ்சியிருப்பது 'கப்பல்' என்பதில் வரும் வன்மையான ப அல்ல, 'கம்பு' என்பதில் வரும் மென்மையான ப. நம் வீடுகளில் அலுமாரி என்ற சொல் இருப்பதால் இதைச் சொல்லும் தேவையே குறைவு என்பது வேறு கதை.

தேய்ந்த சொற்கள் அதிகம் கிடைக்கும் இடம் கப்பல்தான். 1957 வரை பிரித்தானியக் கடற்படை தளம் வைத்திருந்த ஊர் இது. இன்றும் துறைமுக வேலைக்கும் கப்பல் வேலைக்கும் போகிற பிள்ளைகள் நிறைய. மாலுமிகள் கூவிக் கூவிச் சொன்னதில் இந்தச் சொற்கள் பாதியாகிவிட்டன. கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகளை மேற்பார்க்கும் அலுவலர், எழுத்தில் 'போற்ஸ்வெய்ன்', வாயில் ˈபோ-ஸன். படகைச் செலுத்துபவர், எழுத்தில் 'கொக்ஸ்வெய்ன்', வாயில் ˈகொக்-ஸன். கப்பலின் முன்பகுதி, எழுத்தில் 'ஃபோர்காஸில்', வாயில் ˈஃபோக்-ஸல். படகின் மேல்விளிம்பு, எழுத்தில் 'கன்வேல்', வாயில் ˈக-னல். இதன் ககரம் 'சங்கு' என்பதில் உள்ளது போல மென்மையானது. கப்பலின் வலப்பக்கம் ˈஸ்டா-பட். பாயின் பெயர்கள் ˈமெயின்-ஸல், ˈடொப்-ஸல். காற்று ஒதுங்கும் பக்கத்தை நிலத்தில் இருப்பவர் 'லீவட்' என்று சொன்னாலும் கப்பற்காரர் ˈலூ-அட் என்பார்.

இந்த வகைச் சொற்களில் பொருத்தைத் தேடுவது உச்சரிக்க உதவாது, எழுத்துக் கூட்டத்தான் உதவும். எழுதும்போது முழுச் சொற்களாகப் பிரித்து நினையுங்கள், சொல்லும்போது தேய்ந்த வடிவத்தை அப்படியே விழுங்குங்கள். நெற்றியைக் குறிக்கும் சொல் மட்டும் எதிர்த்திசையில் போகிறது. முன்னைய தலைமுறை ˈஃபொ-ரிட் என்றது. எழுத்தைப் பார்த்து வாசித்தவர்கள் பெருகி, இப்போது ˈஃபோ|ஹெட் என்பதே அதிகம் கேட்கிறது. இரண்டும் சரி.

அகராதியைப் பார்க்கும் விதம்

அகராதியில் தலைச்சொல்லின் நடுவே சிறு புள்ளிகள் வைத்திருந்தால் அவை பெரும்பாலும் வரி முடிவில் சொல்லை உடைக்கும் இடங்கள். உச்சரிப்பு அசைகள் அல்ல. உச்சரிப்பு வேண்டுமானால் சாய்கோடுகளுக்கு நடுவில் உள்ளதைப் பாருங்கள். மேற்குறி முதன்மை அழுத்தம், கீழே வைத்த குறி இரண்டாம் நிலை அழுத்தம். தலைகீழ் ஈயை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி அகராதியில் ஒலியும் கேட்கலாம்; பிரித்தானியம், அமெரிக்கம் என்று இரண்டு இருந்தால் ஒன்றையே தொடர்ந்து பின்பற்றுங்கள், மாறி மாறிக் கேட்டால் ஆர் எழுத்துக் குழம்பும்.

பழகுவது எப்படி

டொக்யாட் ரோட்டிலோ மெயின் ஸ்ரீற்றிலோ நடந்து போகும்போது கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டு போங்கள். ஹாட்வெயர், புக்ஷொப், ஸ்ரேஷனரி, கெஸ்ற்ஹவுஸ் என்று பாதிக்குப் பாதி கூட்டுச்சொற்கள்தான். ஒவ்வொன்றுக்கும் பொருத்து எங்கே, அசை எத்தனை, அழுத்தம் எதில் என்று மனதுக்குள் சொல்லுங்கள். ஸ்ரேஷனரி கூட்டுச்சொல் அல்ல என்பதையும் பிடித்துக்கொண்டால் முதற் படி கைவந்துவிட்டது.

வீட்டில் கைப்பேசியில் பதிவு செய்து கேட்பது அடுத்தது. பதிவைக் கேட்கும்போது உச்சரிப்பு அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். விரல் விட்டு அசையை மட்டும் எண்ணுங்கள். ˈப்ரேக்|வோ-ட 3 வர வேண்டும். 4 வந்தால் 'ப்ரேக்' என்பதன் பின்னால் உகரம் ஒளிந்திருக்கிறது. ˈநியூஸ்|பே-ப 3. ˈவோ-ட|மெ-லன் 4. ˈஃபிஷ்|மங்-க 3. ˈலைற்|ஹவுஸ் 2, அதன் பன்மை 3. பன்மையில் 'ஹவுஸ்' என்பதன் எஸ் ஓசை அதிர்ந்து இசட் ஓசையாகிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

உகரம் விடாப்பிடியாக வந்தால் இரண்டாம் பகுதியை முதலில் சொல்லுங்கள். 'போற்' என்று பல தடவை சொல்லி வாயைத் தயார் செய்துவிட்டு, முன்னால் 'லைஃப்' சேர்க்கவும். ஃப ஓசையை நீட்டிக்கொண்டே, காற்றை நிறுத்தாமல், உதட்டை மூடிப் 'போற்' தொடங்க வேண்டும். ஈற்று ற் அடங்காவிட்டால் உயிரில் தொடங்கும் சொல்லை அடுத்து வையுங்கள்: 'லைஃப்போற் இஸ்'. ஈற்று மெய் தன் மேல் ஏறிவரும் உயிரைப் பிடித்துக்கொள்ளும், உகரத்துக்கு இடமிருக்காது. உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது நமக்குத் தெரிந்த புணர்ச்சிதான். அது பழகிய பிறகு அந்த உயிரை எடுத்துவிட்டு, நாக்கை ற் நிலையிலேயே நிறுத்திப் பாருங்கள்.